நாசாவைக் கட்டியதில் லிண்டன் ஜான்சனின் கை எவ்வளவு? கேள்வியும் பதில்களும்

வான்நோக்கி கேட்டது:

வணக்கம். நிலவுப் பயணம் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் 1961 மே 25 அன்று அதிபர் கென்னடி ஆற்றிய உரையில்தான் தொடங்குகிறது. கல்லூரி மன்றத்தில் பேசுவதற்குக் குறிப்பெடுக்கும்போது லிண்டன் ஜான்சன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே வரிதான்: "செனட்டில் விசாரணை நடத்தினார், பிறகு துணை அதிபராக ஆதரவு தந்தார்." இதை வைத்து ஐந்து நிமிடம்கூடப் பேச முடியாது.

எனக்குத் தெளிவாக வேண்டியவை இவை. சோவியத்தின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தபின் அவர் நடத்திய விசாரணை எப்படி ஒரு சட்டமாக மாறியது? நிலவுதான் இலக்கு என்ற முடிவில் அவருக்கு எவ்வளவு பங்கு? நாசாவின் ஹூஸ்டன் மையத்தைச் சொந்த மாநிலமான டெக்சாஸுக்கு இழுத்துக்கொண்டார் என்கிறார்களே, அது சரியா? விமானக் கம்பெனிகளுக்குப் பணம் எந்த வழியாகப் போனது? இவ்வளவும் செய்தவர் அதிபரான பிறகு நாசாவின் பட்ஜெட் இறங்கியது ஏன்? தேதியும் தொகையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.

ஏட்டுக்கட்டு பதில்:

சட்டத்தின் பக்கத்தை நான் எழுதுகிறேன். கம்பெனிகள், பணம் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

முதலில் அவர் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1957ல் ஜான்சன் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். அதோடு, ராணுவக் குழுவின் கீழ் இயங்கிய தயார்நிலை விசாரணைத் துணைக்குழுவுக்கும் அவரே தலைவர். இந்த இரண்டாவது நாற்காலிதான் முக்கியம். விண்வெளிக்கென்று அன்று எந்தக் குழுவும் கிடையாது. சாட்சிகளை அழைத்துக் கேள்வி கேட்க அவர் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது.

அக்டோபர் 4ல் ஸ்புட்னிக் 1 போனது, எடை 83.6 கிலோ. நவம்பர் 3ல் லைக்கா நாயோடு ஸ்புட்னிக் 2, எடை 508 கிலோ. உலகைக் கலக்கியது முதலாவது என்றாலும், ராணுவக்காரர்களைக் கவலைப்படவைத்தது இரண்டாவதன் எடை. அவ்வளவு கனத்தைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றும் ராக்கெட், அணுகுண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் தள்ளிவிடும். நவம்பர் 25ல் விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி ஹைட்ரஜன் குண்டு விஞ்ஞானி எட்வர்ட் டெல்லர். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் வான்கார்ட் ராக்கெட் சுமார் 1.2 மீட்டர் மேலே எழும்பி, அப்படியே தளத்தில் உட்கார்ந்து வெடித்தது. அதன் தலையில் இருந்த செயற்கைக்கோள் 1.4 கிலோகூட இல்லை. அது தெறித்து விழுந்து, தரையில் கிடந்தபடியே சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது.

இங்கே ஜான்சன் செய்த தேர்வு கவனிக்கத் தக்கது. அதிபர் ஐசன்ஹோவரையும் அவருடைய குடியரசுக் கட்சியையும் நேரடியாகத் தாக்கும் மேடையாக அவர் இதை மாற்றவில்லை. துணைக்குழுவில் இரு கட்சியினரும் இருந்தார்கள். 1958 ஜனவரி 23ல் விசாரணை முடிந்தபோது 17 பரிந்துரைகள் வந்தன, ஒருமனதாக. கட்சிச் சண்டையாகப் போயிருந்தால் சிறுபான்மை உறுப்பினர்கள் தனி அறிக்கை எழுதியிருப்பார்கள், பிறகு சட்டம் நகர்ந்திருக்காது.

அடுத்தது குழு அமைப்பு. 1958 பிப்ரவரி 6ல் செனட் விண்வெளிக்கென ஒரு தனிச் சிறப்புக் குழுவை உருவாக்கியது, தலைவர் ஜான்சன். அதற்குச் சில வாரம் முன்பே செனட்டர் கிளின்டன் ஆண்டர்சன் விண்வெளியை அணுசக்தி ஆணையத்திடம் கொடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். விமானப்படையும் தரைப்படையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. ஜான்சன் என்ன செய்தார் என்றால், நிதி ஒதுக்கீடு, ராணுவம், வெளியுறவு, வணிகம், அணுசக்தி என்று உரிமை கொண்டாடக்கூடிய குழுக்களின் மூத்த உறுப்பினர்களையே எடுத்துத் தன் சிறப்புக் குழுவை நிரப்பினார். தங்கள் இலாகா பறிபோகிறது என்று சண்டை போட வேண்டியவர்கள் எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர் செய்ததிலேயே நேர்த்தியான வேலை இதுதான் என்பது என் கருத்து.

ஏப்ரல் 2ல் ஐசன்ஹோவர் நாசாவை உருவாக்கும் மசோதாவை அனுப்பினார். பிரதிநிதிகள் சபையில் இதைக் கவனித்தது ஜான் மெக்கார்மக் தலைமையிலான குழு. ஜூலை 29ல் கையெழுத்து, அக்டோபர் 1ல் நாசா கதவைத் திறந்தது. மசோதா வந்து நான்கு மாதத்துக்குள் சட்டம். அடித்தளமாக 1915ல் தொடங்கிய நாகா என்ற விமான ஆய்வு அமைப்பும் அதன் ஏறக்குறைய 8,000 ஊழியர்களும் இருந்ததால் இந்த வேகம் சாத்தியமாயிற்று. வெறும் தரையில் கட்டவில்லை.

இடையில் மாறியது என்ன? அதிபர் அனுப்பிய மசோதாவில் 17 பேர் கொண்ட ஓர் ஆலோசனை வாரியம்தான் இருந்தது. ஆலோசனை சொல்லும், யாரும் கேட்க வேண்டியதில்லை. செனட் குழு அதிகாரமுள்ள கொள்கைக் குழு வேண்டும் என்றது. அதிபரின் கையைக் கட்டும் ஏற்பாடு என்று ஐசன்ஹோவர் மறுத்தார். முட்டுக்கட்டை ஜூலை 7 அன்று இருவரும் நேரில் பேசியபோது தீர்ந்தது: குழு இருக்கும், ஆனால் அதன் தலைவர் அதிபரே. இப்படித்தான் 9 பேர் கொண்ட தேசிய விமான விண்வெளி கவுன்சில் பிறந்தது. ஐசன்ஹோவர் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. 1960 ஜனவரியில் கலைத்துவிடச் சொன்னார், பிரதிநிதிகள் சபையும் ஒப்புக்கொண்டது. செனட்டில் ஜான்சன் கிடப்பில் போட்டார். அந்தக் கவுன்சில்தான் 15 மாதம் கழித்து அவருக்கே நாற்காலியாக அமைந்தது.

பெயரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மசோதாவில் நாசாவின் (NASA) கடைசி எழுத்து 'ஏஜென்சி' என்பதைக் குறித்தது. செனட் குழுவுக்கு ஆலோசகராக இருந்த ஐலீன் காலவே, பல துறைகளை ஒருங்கிணைக்கும் அளவுக்கு எடை வேண்டும் என்று அதை 'அட்மினிஸ்ட்ரேஷன்' ஆக்கச் சொன்னார். எழுத்து அதே, அந்தஸ்து வேறு.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1959ல் ஜான்சன் தரப்பு ஒரு விதியைச் சட்டத்தில் ஏற்றியது: நாசாவுக்குப் பணம் ஒதுக்கும் முன், ஒவ்வோர் ஆண்டும் தனியாக ஓர் அனுமதிச் சட்டம் நிறைவேற வேண்டும். அதாவது இரண்டு பூட்டு. முதல் பூட்டின் சாவி விண்வெளிக் குழுவிடம், எவ்வளவு வரை செலவழிக்கலாம், எதற்கு என்று அது சொல்லும். இரண்டாவது, நிதி ஒதுக்கீட்டுக் குழுவிடம், உண்மையில் பணம் தருவது அது. ஜனவரியில் அதிபரின் பட்ஜெட், இரு சபைகளிலும் இரண்டிரண்டு சுற்று, ஜூலை 1ல் அன்றைய நிதியாண்டு தொடக்கம். ஆகவே நாசாவின் தலைவர் ஆண்டில் பாதி நாள் காங்கிரஸில்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாம்படி பதில்:

ஏட்டுக்கட்டு சொன்னதிலிருந்து 1961க்கு வருகிறேன்.

துணை அதிபர் பதவி என்பது அமெரிக்காவில் வேலையில்லாத பதவி. கென்னடி அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று விண்வெளிக் கவுன்சில். அதிபர் தலைவர் என்று சட்டத்தில் இருந்ததால், முதலில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தம் கையெழுத்தானது ஏப்ரல் 25. உறுப்பினர்கள் ஐந்து பேராகக் குறைந்தார்கள்: துணை அதிபர், வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்கள், நாசா தலைவர், அணுசக்தி ஆணையத் தலைவர்.

நாசா தலைவரைத் தேடியதிலும் ஜான்சன் இருக்கிறார். பலர் மறுத்த பிறகு, அவரும் ஓக்லஹோமா செனட்டர் ராபர்ட் கெர்ரும் முன்வைத்த பெயர் ஜேம்ஸ் வெப். ட்ரூமன் காலத்தில் பட்ஜெட் அலுவலகத்தை நடத்தியவர், பிறகு கெர்ரின் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தவர். ராக்கெட் தெரியாது, வாஷிங்டன் தெரியும். ஜான்சன் விட்டுவந்த செனட் விண்வெளிக் குழுத் தலைமை அதே கெர்ரிடம் போனது.

மார்ச்சில் வெப் கூடுதல் பணம் கேட்டபோது கென்னடி பெரிய ராக்கெட்டுக்குத் தந்தார், அப்பல்லோ கலத்துக்குத் தரவில்லை. அதாவது விண்ணுக்குப் போன முதல் மனிதரான சோவியத்தின் ககாரின் பறப்பதற்கு மூன்று வாரம் முன்புவரை நிலவு தீர்மானமாகவில்லை. ஏப்ரல் 12ல் ககாரின், 17ல் அமெரிக்கா ஆதரித்த கியூபா படையெடுப்பு தொடங்கி மூன்றே நாளில் தோல்வி. 20ல் கென்னடி ஜான்சனுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புகிறார், ஐந்து கேள்விகளோடு. விண்ணில் ஆய்வுக்கூடம், நிலவைச் சுற்றி வருதல், நிலவில் ராக்கெட் இறக்குதல், ஆளை அனுப்பித் திரும்பக் கொண்டுவருதல், இவற்றில் எதில் சோவியத்தை முந்த முடியும்? கூடுதல் செலவு எவ்வளவு? இருக்கும் திட்டங்களில் 24 மணி நேரமும் வேலை நடக்கிறதா, இல்லையென்றால் ஏன்? பெரிய ராக்கெட்டுக்கு அணுசக்தியா, வேதி எரிபொருளா, திரவ எரிபொருளா? எல்லா முயற்சியும் செய்கிறோமா?

ஜான்சன் பதில் அனுப்பியது ஏப்ரல் 28. முழு முயற்சி எடுத்தால் 1966 அல்லது 1967ல் நிலவில் ஆளை இறக்கலாம் என்றார். இடைப்பட்ட எட்டு நாளில் யாரையெல்லாம் அழைத்தார் என்று பாருங்கள். நாசாவின் ராக்கெட் நிபுணர் வான் பிரவுன், விமானப்படையின் ஷ்ரீவர், கடற்படையின் ஹேவர்ட். இவர்கள் எதிர்பார்த்தவர்கள். கூடவே மூன்று தனியார்: ஹூஸ்டனின் பிரவுன் அண்டு ரூட் கட்டுமானக் கம்பெனியைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன், மின்சாரக் கம்பெனி நிர்வாகி டொனால்ட் குக், சிபிஎஸ் தொலைக்காட்சியின் ஃபிராங்க் ஸ்டான்டன். பொறியியல் கேள்விக்கு இவர்கள் எதற்கு? கட்டுமானம், மின்சாரம், ஊடகம் ஆகிய மூன்று உலகமும் எதிர்க்காது என்ற உறுதி அவருக்குத் தேவைப்பட்டது. மே 3ல் கெர்ரையும், குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஸ்டைல்ஸ் பிரிட்ஜஸையும் கூப்பிட்டு அவர்கள் ஆதரவையும் கேட்டுக்கொண்டார்.

ஒரு தவறு பரவலாக இருக்கிறது. வான் பிரவுனின் புகழ்பெற்ற கடிதத்தை வைத்துத்தான் ஜான்சன் அறிக்கை எழுதினார் என்பார்கள். கடிதத்தின் தேதி ஏப்ரல் 29, அறிக்கைக்கு மறுநாள். நேரில் பேசியதைத்தான் அவர் பயன்படுத்தியிருக்க முடியும். ஆனாலும் கடிதத்தில் உள்ள தர்க்கம்தான் முழு முடிவுக்கும் அச்சாணி. நிலவைச் சுற்றிவருவது போன்றவற்றுக்கு சோவியத்திடம் இருக்கும் ராக்கெட்டை வைத்தே முயலலாம், அதனால் அதில் நமக்கு ஓரளவு வாய்ப்புதான். ஆளை இறக்கித் திரும்பக் கொண்டுவர, அவர்களின் ராக்கெட்டும் பத்து மடங்கு பெரிதாக வேண்டும். அந்த ராக்கெட் அவர்களிடமும் இல்லை. ஆகவே இருவரும் ஒரே கோட்டில் நிற்கும் போட்டியைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் சாரம்.

மே 5ல் முதல் அமெரிக்க விண்வெளி வீரராக ஆலன் ஷெப்பர்ட் பறந்து திரும்பினார். அந்த வார இறுதியில் வெப், பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா தரப்பு ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து அறிக்கை எழுதினார்கள். ஜான்சன் ஆசியச் சுற்றுப்பயணம் கிளம்ப வேண்டியிருந்ததால் அவசரம். மே 8ல் கையில் வாங்கி, மாற்றம் எதுவும் செய்யாமல் கென்னடியிடம் கொடுத்தார். 25ஆம் தேதி உரையின்போது கேட்ட தொகை: உடனடியாக 53.1 கோடி டாலர், அடுத்த ஐந்தாண்டுகளில் கூடுதலாக 700 முதல் 900 கோடி டாலர். வெப் மொத்தச் செலவை 2,000 கோடி டாலர் என்று சொல்லிவைத்தார். பொறியாளர்கள் கொடுத்த தொகை அதைவிட நன்றாகக் குறைவு. தெரியாததற்கும் சேர்த்து முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்பது பட்ஜெட் அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் அறிவு. அதனால்தான் அப்பல்லோ, பாதி வழியில் போய் இரண்டு மடங்கு கொடுங்கள் என்று நிற்கவில்லை.

வான்நோக்கி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேதி முரண்பாடு எனக்குத் தெரியவே தெரியாது, குறிப்பில் தப்பாக எழுதி வைத்திருந்தேன். ஹூஸ்டன், கம்பெனிகள் பற்றியும் யாராவது எழுதுங்களேன். 1958 சட்டத்தின் காப்புரிமைப் பிரிவு கம்பெனிகளுக்குப் பிடிக்கவில்லை என்று ஓரிடத்தில் பார்த்தேன், அது என்ன?

தொழிற்பேட்டை பதில்:

காப்புரிமையிலிருந்தே வருகிறேன். சட்டப்பிரிவு 305. ராணுவத்துக்கு ஒரு கம்பெனி வேலை செய்யும்போது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், காப்புரிமை கம்பெனிக்கு, இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை அரசுக்கு. இதுதான் பழக்கம். 305 இதைத் திருப்பிப் போட்டது: நாசா ஒப்பந்த வேலையில் பிறந்த கண்டுபிடிப்பு அரசின் சொத்து, நாசா தலைவர் விட்டுக்கொடுத்தால் மட்டும் கம்பெனிக்கு. இது அணுசக்திச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம். நடைமுறையில் என்ன ஆகும்? ஒரே வால்வை ஒரு கம்பெனி விமானப்படைக்குச் செய்தால் காப்புரிமை அதனிடம், நாசாவுக்குச் செய்தால் கைவிட்டுப் போகும். அதனால் நல்ல யோசனையை நாசா வேலையில் காட்டத் தயங்குவார்கள், அல்லது ஒப்பந்தம் போடும் முன்பே சொந்தச் செலவில் பதிவு செய்துவிடுவார்கள். விட்டுக்கொடுக்கும் அதிகாரத்தை நாசா பயன்படுத்தித்தான் சமாளித்தது.

ஒப்பந்த வகைக்கு வருவோம். யாரும் செய்யாத பொருளுக்கு நிலையான விலை சொல்ல முடியாது. எனவே 'ஆகும் செலவு முழுதும் தருகிறோம், அதற்கு மேல் முன்கூட்டி முடிவு செய்த ஒரு கட்டணம்' என்ற முறை. செலவு ஏறினாலும் கட்டணம் ஏறாது, ஆனால் நஷ்டமும் கிடையாது. இதில் கெடுவது எங்கே என்றால், ஏலத்தின்போது மதிப்பீட்டைக் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடிப்பது. பிறகு செலவு கூடினால் அரசு கட்டும். இன்னொன்று, நல்ல பொறியாளர்களை வேலை கிடைக்கும்வரை முன்னால் காட்டிவிட்டு, கிடைத்ததும் அடுத்த ஏலத்துக்கு மாற்றுவது. 1960களின் நடுவில் நாசா பெரிய ஒப்பந்தங்களைத் தேதி, எடை, செயல்பாடு ஆகியவற்றோடு கட்டணத்தை இணைக்கும் ஊக்க ஒப்பந்தங்களாக மாற்றியது இதனால்தான்.

ஆட்கள் ஏறிப்போகும் அப்பல்லோ கலத்தின் ஒப்பந்தம் 1961 நவம்பர் 28ல் நார்த் அமெரிக்கன் என்ற விமானக் கம்பெனிக்குப் போனது. மதிப்பீட்டுக் குழுவின் பட்டியலில் முதலிடம் மார்ட்டின் கம்பெனிக்கு. வெப்பும் அவருடைய இரண்டு துணைவர்களும், எக்ஸ்-15 விமானம் கட்டிய அனுபவத்தைப் பார்த்து நார்த் அமெரிக்கனைத் தேர்ந்தார்கள். ஜான்சனிடம் செனட்டில் செயலாளராக இருந்த பாபி பேக்கர், அந்தக் கம்பெனியின் ஆலைகளில் தின்பண்ட இயந்திரம் வைக்கும் தொழிலில் பங்கு வைத்திருந்தது 1963ல் வெளிவந்து அவர் பதவி விலகினார். பிறகு வரி ஏய்ப்பு உள்ளிட்ட குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார். இதைக் கலத்தின் ஒப்பந்தத்தோடு முடிச்சுப்போட்டுப் பேசுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் இதற்காக அது என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள்.

இனி இடம். நிலவுக்கு ஆட்களை ஏற்றிப்போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கு 10 மீட்டர் விட்டம், 42 மீட்டர் நீளம். சாலையில் பாலத்துக்கு அடியில் போகாது, ரயில் குகைக்குள் நுழையாது. தண்ணீர்தான் வழி. ஆகவே கடலோரம் அல்லது படகு போகும் ஆற்றங்கரை. நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் மிஷூ ஆலை, இரண்டாம் உலகப் போரில் கட்டியது, ஒரே கூரையின் கீழ் சுமார் 43 ஏக்கர். 1961 செப்டம்பரில் அது தேர்வானது. போயிங் அங்கே முதல் அடுக்கைக் கட்டி, பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகில் ஏற்றி, பக்கத்து மிசிசிப்பி மாநிலத்தில் இருந்த சோதனைத் தளத்துக்குக் கொண்டுபோய் எரித்துப் பார்த்து, மறுபடி பார்ஜில் ஃப்ளோரிடாவைச் சுற்றி ஏவுதளத்துக்கு அனுப்பும். இரண்டாம் அடுக்கு கலிபோர்னியாவில் தயாராகி, பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் வந்தது. மூன்றாம் அடுக்கு மட்டும் 6.6 மீட்டர் விட்டம் என்பதால், அதற்கென்றே வயிறு பெருத்த விமானம் ஒன்றைச் செய்து அதில் ஏற்றினார்கள்.

அந்தச் சோதனைத் தளம் உங்கள் பேச்சுக்கு உதவும். ஐந்து எஞ்சின்கள், ஒவ்வொன்றும் சுமார் 680 டன் உந்துவிசை. சத்தமும் அதிர்வும் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட்டு, 13,500 ஏக்கர் தளத்தைச் சுற்றி 1,25,000 ஏக்கர் வெற்று வளையம் வைத்தார்கள். அந்த வளையத்துக்குள் லாக்டவுன், கெய்ன்ஸ்வில் உட்பட ஐந்து ஊர்கள் இருந்தன. 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் 1961 நவம்பர் 1 அன்று லாக்டவுனுக்கே வந்து, நாட்டுக்காக விட்டுக்கொடுங்கள் என்று அந்த மக்களிடம் பேசினார். பின்னாளில் அந்தத் தளத்துக்கு அவர் பெயரே வைத்தார்கள். விண்வெளிப் பணம் தெற்கு மாநிலங்களுக்கு வந்ததைப் பேசுகிறவர்கள் இந்த ஐந்து ஊர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஹூஸ்டனும் இந்த மெக்சிகோ வளைகுடாக் கரையில்தான் வருகிறது. ஜான்சன் இழுத்தார் என்பது ஓரளவு சரி.

ஆல்பர்ட்தாமஸ்_வாசகர் பதில்:

தொழிற்பேட்டை ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன். ஹூஸ்டனுக்கு ஜான்சனைவிடக் கனமான கை ஆல்பர்ட் தாமஸ்.

ஏட்டுக்கட்டு சொன்ன இரண்டாவது பூட்டை நினைவில் வையுங்கள். பிரதிநிதிகள் சபையில் நாசாவுக்குப் பணம் ஒதுக்கும் துணைக்குழுவின் தலைவர் தாமஸ். அவர் தொகுதி ஹூஸ்டன். நாசாவின் ஒவ்வொரு டாலரும் அவர் மேசையைத் தாண்டித்தான் வரவேண்டும். அவர் யாரையும் மிரட்டத் தேவையே இல்லை, அந்த நாற்காலியில் இருந்தாலே போதும்.

அதேசமயம் தேர்வு முறை ஒன்று நடந்தது, அது வெறும் நாடகமும் அல்ல. குறைந்தது 1,000 ஏக்கர், பெரிய படகு வரும் நீர்வழி, எல்லாப் பருவத்திலும் ஜெட் விமானம் இறங்கும் நிலையம், பக்கத்தில் பல்கலைக்கழகம், மிதமான தட்பவெப்பம், போதிய மின்சாரமும் தண்ணீரும் என்று நிபந்தனைகள். நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ் தலைமையில் குழு 20க்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்தது. முதலிடம் ஃப்ளோரிடாவின் டாம்பா, அங்கே மூடப்படவிருந்த மெக்டில் விமானப்படைத் தளம் இருந்தது. மூடவில்லை என்று விமானப்படை முடிவை மாற்றியதும், இரண்டாமிடத்தில் இருந்த ஹூஸ்டன் மேலே வந்தது. அறிவிப்பு 1961 செப்டம்பர் 19.

நிலம் வந்த வழியும் பார்க்க வேண்டியது. ஹம்பிள் எண்ணெய்க் கம்பெனி 1,000 ஏக்கரை ரைஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க, ரைஸ் அதை நாசாவுக்குக் கொடுத்தது. மேலும் 600 ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக நாசா விலைக்கு வாங்கிச் சேர்த்தது. ரைஸின் நிர்வாகக் குழுத் தலைவர் ஜார்ஜ் பிரவுன், ஏப்ரலில் ஜான்சன் கருத்துக் கேட்டாரே, அதே பிரவுன். மையத்தை வடிவமைக்கும் பொறியியல் வேலை பிரவுன் அண்டு ரூட்டுக்குப் போனது. இது எல்லாம் வெளிப்படையான பதிவு. நிபந்தனைகளில் தேறியது உண்மை, தேறியபின் யார் கை யாரைத் தொட்டது என்பதும் உண்மை. மேடையில் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மூன்றாம்படி:

பட்ஜெட் கேள்வி விடுபட்டுப் போயிற்று. தொகைகள் முதலில்: 1961 நிதியாண்டில் 96.4 கோடி டாலர், 1962ல் 182.5 கோடி, 1963ல் 367 கோடி, 1964ல் 510 கோடி, 1965ல் 525 கோடி. அதுதான் உச்சி. 1968ல் சுமார் 459 கோடி, 1969ல் ஏறக்குறைய 400 கோடி.

உச்சியும் இறக்கமும் ஜான்சன் காலத்திலேயே. இறக்கத்துக்கு முதல் காரணம் எளியது: ராக்கெட்டைக் கண்டுபிடிக்கும், ஆலை கட்டும், ஏவுதளம் எழுப்பும் செலவு 1966க்குள் பெரும்பாலும் முடிந்தது. நிலவில் இறங்கும் தேதி தவறாது, ஆனால் அடுத்த திட்டத்துக்கு விதை போட வேண்டிய ஆண்டுகள் அவை. அந்த இடத்தில்தான் வியட்நாம் செலவும் உள்நாட்டுத் திட்டங்களும் குறுக்கே வந்தன. 1968 நிதியாண்டுக்கு 510 கோடி கேட்டார்கள். 1967 ஆகஸ்டில், காங்கிரஸ் வெட்டும் தொகையை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஜான்சனே சொன்னார். வருமான வரி மீது 10 சதவீதக் கூடுதல் வரி வேண்டுமென்றால் செலவைக் குறையுங்கள் என்று காங்கிரஸ் நிபந்தனை போட்ட நேரம் அது. அவர் 1959ல் மாட்டிய இரட்டைப் பூட்டு, அவர் காக்க நினைத்த பணத்துக்கும் பூட்டாயிற்று.

நாளொன்றைச் சொல்கிறேன், 1967 ஜனவரி 27. அன்று மாலை வெள்ளை மாளிகையில் விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்தானது. சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் வைக்கக்கூடாது, நிலவை எந்த நாடும் உரிமை கொண்டாடக்கூடாது. 1966 மேயில் ஜான்சன் முன்மொழிந்த ஒப்பந்தம் அது. ஆம்ஸ்ட்ராங், லோவெல் உள்ளிட்ட வீரர்களும் வெப்பும் அங்கே இருந்தார்கள். அதே மாலை 6:31க்கு ஏவுதளம் 34ல், சோதனையின்போது அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து விண்வெளி வீரர்கள் கிரிசம், ஒயிட், சாஃபீ மூவரும் இறந்தார்கள். சுத்த ஆக்சிஜன், வளிமண்டலத்தைவிடக் கூடிய அழுத்தம், உள்நோக்கித் திறக்கும் கதவு. உள்ளே அழுத்தம் ஏறியதும் கதவைத் திறக்கவே முடியாது. பிறகு நடந்த விசாரணையில், நார்த் அமெரிக்கனின் தாமதங்களைப் பற்றி 1965லேயே அப்பல்லோ திட்ட இயக்குநர் ஜெனரல் ஃபிலிப்ஸ் எழுதிய கடுமையான அறிக்கை வெளிவந்தது. செனட்டர் மான்டேல் கேட்டபோது வெப்பிடம் சரியான பதில் இல்லை. காங்கிரஸில் அவர் ஆறு ஆண்டாகச் சேர்த்த நம்பிக்கை அங்கே குறைந்தது. வெட்டை எதிர்க்கும் பலமும் அதோடு குறைந்தது.

1968 ஆகஸ்டில் வெப், சாட்டர்ன் 5 உற்பத்தியை 15 ராக்கெட்டோடு நிறுத்த உத்தரவிட்டார். நிலவில் கால் வைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. இப்படிப்பட்ட ராக்கெட்டின் பாகங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்னதாக ஆர்டர் கொடுக்க வேண்டும். வரிசை நின்றால் துணைக் கம்பெனிகள் அச்சுகளைக் கழற்றிவிடும், ஆட்கள் கலைந்துவிடுவார்கள், பிறகு பணம் கொடுத்தாலும் உடனே தொடங்க முடியாது. நிலவுப் பயணங்களை அடுத்த அதிபர் நிக்சன் நிறுத்தினார் என்பது பாதிதான். ராக்கெட் தீர்ந்துபோகும் என்பது ஜான்சன் காலத்திலேயே முடிவாகிவிட்டது.

வான்நோக்கி:

எழுதி வைத்ததை முழுவதும் மாற்றப் போகிறேன். கடைசியாக ஒன்று: 15 ராக்கெட்டில் 13தான் பறந்தன. மீதி இரண்டு எங்கே?

தொழிற்பேட்டை:

முழு ராக்கெட்டாக இல்லை, பிரிந்து கிடக்கிறது. 1973 பிப்ரவரியில், ஜான்சன் இறந்த மறுமாதம், ஹூஸ்டன் மையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அங்கே படுக்கவைத்திருக்கும் சாட்டர்ன் 5 முழுக்கப் பறக்கத் தயாராக இருந்த பாகங்கள்தான். முதல் அடுக்கு 14ஆவது ராக்கெட்டுடையது, இரண்டாம் அடுக்கு 15ஆவதுடையது, மூன்றாம் அடுக்கு 13ஆவதுடையது. 13ஆவது ராக்கெட் ஸ்கைலேப் ஆய்வகத்தை ஏற்றிப் போனபோது மூன்றாம் அடுக்கு தேவைப்படவில்லை, அதனால் அது மிஞ்சியது. 15ஆவதின் முதல் அடுக்கு மிஷூவிலேயே பல வருடம் கிடந்து, 2016ல் பார்ஜில் ஏறி மிசிசிப்பிக்கு வந்தது. இப்போது ஸ்டென்னிஸ் தளத்துக்குப் பக்கத்தில் உள்ள காட்சி மையத்தில் இருக்கிறது.